யார் ஆக்கிப் போட்ட சோறு

1

நீங்கள் நம்ப மாட்டீர்கள், இங்கே தவிட்டை அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கோதுமைத் தவிடு. நம் பக்கம் எருமைக்குத் தொட்டியில் கரைத்து வைப்போமே, அதே சாமான்தான். மருந்துக் கடையில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடி அதைக் கரண்டியில் அள்ளுகிறாள். இரண்டு மூன்று வருடமாக இந்த ஊரில் இதுதான் பேச்சு. தொலைக்காட்சியில் தவிடு, பத்திரிகையில் தவிடு, பக்கத்து வீட்டு அம்மாள் சுடும் கேக்கிலும் தவிடு. சக்கை இல்லாத சாப்பாட்டையும் நிறையக் கறியையும் தின்பதால்தான் குடலில் புற்றுநோய் வருகிறது என்று பெரிய டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்களாம்.

என் வீட்டுக்காரருக்கு அந்த நோய் வந்து ஆபரேஷன் ஆகி இந்த மார்ச்சோடு ஏழு வருடம். வருடா வருடம் மார்ச்சில் பரிசோதனைக்குப் போவோம். போன வாரம் போனபோது புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். பழைய விவரங்களை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அவர் கேட்ட ஒரு கேள்வியால் நான் என் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. மகள் சொன்ன பதில் இன்னும் எனக்கு ஆறவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே சொல்ல ஆளில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எனக்குப் பிறந்த ஊர் அதியமான்கோட்டை. வாழ்க்கைப்பட்டது காரிமங்கலத்துக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்கிற ஊர். வானம் பார்த்த கொல்லைகள். கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை. காலையில் களி, ராத்திரியும் களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுச் சாறோ இருக்கும். நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். கறி அதைவிட அபூர்வம்.

இவருக்குச் சிறு வயதிலேயே தாய் போய்விட்டார். அக்கா மாதம்மாள்தான் வளர்த்தார். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இறந்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, ஏரோட்ட ஆள் பிடித்து, களை பிடுங்கி, தம்பியைச் சேலத்துக்கு அனுப்பி டிப்ளமா படிக்க வைத்தவர். எனக்கு நாத்தனார். அண்ணி என்று கூப்பிடுவேன். கொஞ்சம் பயந்துதான் கூப்பிடுவேன்.

அறுபத்து மூன்றில் இவருக்கு இங்கே, இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் தனி ஆளாக, நாலைந்து பஞ்சாபிக்காரர்களோடு ஒரே வீட்டில் இருந்தார். இவருக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. காலையில் உப்பில் ஊறிய பன்றிக்கறிச் சீவல், மத்தியானம் கேன்டீனில் சாசேஜும் உருளைக்கிழங்கு வறுவலும், ராத்திரி தகரடப்பாக் கறியும் வெள்ளை ரொட்டியும். ஊரில் இருந்தவரை பன்றிக்கறியை வாயில் வைத்தவர் இல்லை. பசி என்ன ஜாதி பார்க்குமா என்று பின்னால் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அறுபத்தைந்தில், நம் தருமபுரி தனி மாவட்டமான வருடம், நான் கைக்குழந்தை மல்லிகாவோடு வந்து சேர்ந்தேன். இந்த மனுஷனுக்கு இனிமேல் நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று வைராக்கியம். நல்ல சாப்பாடு என்றால் என்ன? எனக்குத் தெரிந்தவரை வெள்ளைச் சோறுதான். தினமும் சோறு, தினமும் கறிக்குழம்பு, எண்ணெயில் பொரித்தது ஏதாவது. கேழ்வரகு இங்கே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம். களியிலிருந்து தப்பித்துத்தானே கப்பலேறி வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். கீரை என்று இங்கே அப்போது ஒன்றும் கண்ணில் படாது. வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் தெருவெல்லாம் அடிக்கும், அதைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கும்.

இவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். தொப்பை போட்டது. ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அண்ணி ஆள் வைத்துப் பதில் எழுதி அனுப்பினார்: "அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டினேன். தம்பி உடம்பு தேறிவிட்டான். சரோசா, நீ நல்லாப் பார்த்துக்கிற."

3

ஆறேழு வருடம் போனது. தொப்பை கரைய ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் இரைத்தது. கேட்டால், உலைச் சூடு என்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார், வெந்தயத்தை விழுங்கினார். ஒரு நாள் கக்கூஸில் தண்ணீர் சரியாகப் போகாமல் சிவப்பாகத் தங்கியிருந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எத்தனை நாளா இப்படிப் போகுது?"

"அது மூலம். நம்ம பக்கம் யாருக்கு இல்ல? விடு."

விடவில்லை. இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெரு டாக்டர் வயதானவர், பொறுமையானவர். இவரைப் பார்த்து, "ஸ்டூலில் ரத்தம் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கள் வீட்டில் ஸ்டூல் கிடையாது ஐயா, நாற்காலிதான்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, தொழிற்சாலையில் ஆண்கள் வைய உபயோகிக்கிற கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொல்லி, "அதில்" என்றார். அந்த வார்த்தை இவருக்குப் புரிந்தது. முகம் கறுத்துப்போயிற்று. மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெரிய மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை இவரால் தாங்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சேலத்தில் இங்கிலீஷில்தான் டிப்ளமா படித்தார். இயந்திரத்தில் எந்தப் பாகத்துக்கும் பெயர் தெரியும். தன் உடம்பிலிருந்து போகிற மலத்துக்குப் பெயர் தெரியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. வெட்டி எடுத்தார்கள். ஆசனவாயைத் தைத்து மூடி, வயிற்றின் இடது பக்கம் ஓட்டை போட்டு, குடல் நுனியை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி ஆயுள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான். இதை எழுத எனக்கு முன்பெல்லாம் கூசும். இப்போது கூசவில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

ஆபரேஷன் செய்தவரிடம், "எதனால் வந்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் முதலில். அப்புறம் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "உங்கள் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் கிராமங்களில் இது குறைவு என்று சொல்கிறார்கள். அங்கே தானியத்தைத் தோலோடு தின்கிறார்கள், காய் கீரை தின்கிறார்கள், கறி குறைவு. அதனால் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் பாதிதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. அடுப்பு முன்னால் நின்றால் அந்தப் பாதி காதில் விழும். அரிசி களையும்போது விழும். அரிசியை வெள்ளை வெளேரென்று பார்த்துப் பார்த்து வாங்கியது யார்? கறியைக் கொழுப்போடு கேட்டு வாங்கியது யார்? இவர் ஒரு நாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. "நீ வர்றதுக்கு முந்தி நான் தின்னதுக்கு நீயா பொறுப்பு? பைத்தியம்" என்பார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

4

எழுபத்து நாலில் ஊருக்குப் போனோம். மொரப்பூரில் ரயில் இறங்கி, தருமபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காரிமங்கலத்துக்கு ஒரு பஸ். மல்லிகாவுக்கு அப்போது பத்து வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மோலி ஆகிவிட்டிருந்தது. தமிழ் புரியும், பேசினால் நாக்கு தடுக்கும்.

ஆபரேஷன் நடந்ததை மட்டும் ஊருக்கு எழுதியிருந்தோம், என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லை. அண்ணி கோழியடித்து, நெல்லுச்சோறு ஆக்கி வைத்திருந்தார். இவர் மணையில் உட்கார்ந்தவுடன் கேட்டது களி.

"என்னாடா நீ? சீமைல இருந்து வந்தவனுக்குக் களி போட்டா ஊரு என்னைய காறித் துப்பாதா?"

"எனக்குக் களிதான் வேணும்க்கா. கீரை இருந்தா கடஞ்சி போடு."

அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஆசையாகச் செய்ததை இவர் ஒதுக்கிவிட்டார். தனக்கென்று ஆக்கி வைத்திருந்த களியை எடுத்துவந்து போட்டார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. பசி இல்லை என்றார். வந்ததிலிருந்து நான் கவனித்தேன், அண்ணி பாதி ஆளாகியிருந்தார். கொல்லை வேலை, வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் கக்கூஸ் ஏது? இவருக்குப் பையைக் கழுவ மறைவு வேண்டும். கிணற்றடியில் மோட்டார் ரூம் இருந்தது. அங்கேதான் கழுவுவார், உள்ளேயே காயவைப்பார். மூன்றாம் நாள் அண்ணி மோட்டார் போடப் போனவர், பையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இது என்னாதுடா?"

வாசலில் பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மல்லிகா கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். இவர் பையைச் சடாரென்று வாங்கி வேட்டிக்குள் மறைத்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் சொன்னார். குடலில் புத்து வந்தது, அறுத்தார்கள், இப்போது இப்படி.

அண்ணி இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இங்க இருந்த வரைக்கும் எந்தம்பிக்குத் தலவலின்னு ஒண்ணு வந்துருக்குமா? களியத் தின்னுட்டுக் கல்லு மாரி இருந்தான். உங்கையில குடுத்து அனுப்புனோம். என்னாத்த ஆக்கிப் போட்ட அவனுக்கு? என்னாத்தடி போட்டு அவன் வயித்த இப்படி வெட்டிப் போட வச்ச?"

"அக்கா, அவள எதுக்கு..." என்று இவர் குறுக்கே வந்தார்.

"நீ பேசாதடா. பெத்தவ மாரி வளத்தேன். எனக்குக் கேக்க உரிமை இல்லியா?"

நான் உள்ளே போய் அடுப்பைக் கூட்டிப் பெருக்கினேன். பெருக்க ஒன்றும் இல்லை. அண்ணி மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் மனசுக்குள் இரண்டு வருடமாக ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்ததை அண்ணி வாசலில் நின்று கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

5

அதற்குப் பிறகு அண்ணி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஆனால் காலையில் வெளிக்குப் போகப் பெண்கள் ஒன்றாகத்தான் கொல்லைப் பக்கம் போவோம். மற்றவர்கள் எழுந்து வந்த பிறகும் அண்ணி வரமாட்டார். கடைசியில் வரும்போது முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டு வருவார். தன் புடவையை மட்டும் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டார். ஒரு நாள் அவர் முன்னால் நடந்தபோது புடவையின் பின்கொசுவத்தில் கறை பார்த்தேன். மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பெண்.

மற்றவர்களை முன்னால் போகவிட்டு நான் நின்றேன்.

"அண்ணி, வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதுங்களா?"

"என்னா கேள்வி கேக்கற நீ?"

"வருதுங்களா?"

"சூடு. மூலச்சூடு. சந்தையில ஒருத்தரு பொடி தர்றாரு. மோருல போட்டுக் குடிக்கிறேன், நின்னுரும்."

"எத்தனை மாசமாங்க?"

அண்ணி நடையை எட்டிப் போட்டார்.

"அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அண்ணி திரும்பினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். "நான் என்னா உன்னைய மாரி டப்பாக் கறியும் ரொட்டியுமா திங்கறேன்? பொறந்ததுலருந்து களி தின்ன வயிறு இது. அந்த நோவெல்லாம் உங்க சீமை நோவு. எனக்கு எதுக்கு வருது?"

அவர் சொன்னதற்கும் ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் "இருக்கலாம்" என்றார், அண்ணி "இருக்காது" என்றார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அண்ணி மாதக்கணக்காக மோரில் பொடி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

இவரிடம் சொன்னேன். அக்காவிடம் அந்தப் பேச்சைப் பேச இவருக்கு வாய் வரவில்லை. "நீயே பேசேன், பொம்பளைங்களுக்குள்ள" என்றார். நான் பேசினால் எடுபடாது என்று இவருக்கும் தெரியும். ஒரு பொழுது முழுக்க வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் அண்ணி மாட்டுக் கொட்டகையில் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே போனார். நான் படலுக்கு வெளியே நின்றேன்.

"அக்கா, இங்க பாரு."

பனியனைத் தூக்கினார். பையைக் கழற்றினார். குடல் நுனி சிவப்பாக, ஈரமாக, ஒரு பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி இருக்கும். கட்டிய மனைவி எனக்கே முதல் தடவை பார்த்தபோது தலை சுற்றியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். கையிலிருந்த தீனித்தட்டு கீழே விழுந்தது. பிறகு குனிந்து, விரலால் அதைச் சுற்றியிருந்த தோலை மட்டும் தொட்டார்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. எனக்கும் மொதல்ல ரத்தந்தான் வந்துச்சு. நானும் மூலம்னுதான் சொன்னேன். இன்னும் முந்தியே போயிருந்தா இவ்ளோ வெட்டியிருக்க மாட்டாங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நானே இல்ல."

"எனக்கும் இப்படித்தான் வெப்பாங்களா?"

"தெரியலக்கா. போய்ப் பாக்கலாம்."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அண்ணி கிளம்பி நின்றார்.

6

தருமபுரியில் பார்த்துவிட்டு மதராசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மதராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த பெண் டாக்டரிடம் அண்ணி முதல் வேலையாக, "எனக்கு அந்த நோவு இருக்காதும்மா, நான் களி திங்கறவ" என்றார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நல்ல சாப்பாடுதாம்மா அது. அப்படிச் சாப்பிடறவங்க இந்த வார்டுக்குக் கம்மியாத்தான் வர்றாங்க. கம்மின்னா ஒருத்தருமே வரமாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல."

அதே நோய். அதே இடம். அதே ஆபரேஷன்.

இவருக்கு விடுமுறை முடிந்துவிட்டது. மல்லிகாவுக்குப் பள்ளிக்கூடம். யாராவது ஒருவர் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். இவர் தன் கையிலிருந்த பைகளில் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, மகளோடு விமானம் ஏறினார். மல்லிகா என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அம்மா வராத கோபம் என்று நினைத்தேன்.

பைகள் தீர்ந்துபோகவே இவர் இங்கிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். அது சுங்கத்தில் நின்றுவிட்டது. போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள். அதிகாரி ஒரு பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, வெந்நீர் ஒத்தடம் குடுக்கறதா?"

"இல்லீங்க."

"பின்ன? எதுக்குன்னு தெரியாம நான் எப்படி விடறது?"

சுற்றி வளைத்துப் பார்த்தேன். வயித்து வைத்தியத்துக்குங்க, ஆபரேஷன் ஆனவங்களுக்குங்க என்றேன். அவர் வரியைக் கணக்கிடப் பட்டியலைப் புரட்டினார், அதில் இதற்கு இடமில்லை. பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது எனக்கு மாட்டுக் கொட்டகையில் பனியனைத் தூக்கி நின்ற மனுஷன் ஞாபகம் வந்தார்.

"எங்க நாத்தனாருக்கு மலம் போற வழிய அடச்சிட்டாங்க. வயித்துல ஓட்டை போட்டிருக்காங்க. அதுல இதை வச்சு ஒட்டணும். இது இல்லைன்னா புடவையெல்லாம் பீயாப் போகும். எழுதிக்குங்க" என்றேன், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

அதிகாரி பையைப் பெட்டிக்குள் வைத்தார். ஏதோ எழுதினார், முத்திரை குத்தினார். ஒன்றும் கேட்காமல் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அன்றையிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் கூச்சம் போனது.

அண்ணிக்குப் பையை ஒட்டவும் கழற்றவும் நான்தான் செய்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். "இதை வயித்துல வச்சிக்கிட்டு எப்படி அடுப்புகிட்ட நிக்கிறது?" என்று அழுதார். போகப் போகப் பேச்சு வந்தது. ஒரு மத்தியானம் நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்கம்மாவும் இப்படித்தான் போனா. ரத்தமாப் போயிப் போயி. சின்னவனுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. ரத்தக் கடுப்புன்னாங்க. அவளும் களிதான் தின்னா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஆக்கிப் போட்டுத்தான் அவனுக்கு வந்துச்சுன்னு வாசல்ல நின்னு கேட்டனே. எனக்கு யாரு ஆக்கிப் போட்டாங்க சரோசா? நானேதான ஆக்கிக்கிட்டேன்?"

கஞ்சியை ஊட்டினேன். குடித்தார்.

அண்ணி அதற்கப்புறம் இரண்டரை வருடம் இருந்தார். ஊரில் எந்தப் பெண் மூலச்சூடு என்று சொன்னாலும் விடாமல் இழுத்துக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறுவாராம். பிறகு நோய் ஈரலுக்குப் போய்விட்டது. தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

7

நான் மதராசிலிருந்து திரும்பி வந்தபோது மல்லிகா மாறியிருந்தாள். வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன், சிநேகிதி வீட்டில் சாப்பிட்டேன், பசி இல்லை. என் குழம்பைத் தட்டில் போட்டால் ஓரத்தில் ஒதுக்குவாள். பீன்ஸ் டப்பாவைத் தானே திறந்துகொள்வாள், ரொட்டியைத் தானே வாட்டிக்கொள்வாள். இவருக்கு வந்த நோயைப் பார்த்தபிறகு நான் சமையலையே மாற்றியிருந்தேன். பருப்பு, காய், முழுக்கோதுமைச் சப்பாத்தி. லண்டனிலிருந்து வரும் ஒரு குஜராத்திக்காரரிடம் சொல்லிவைத்துக் கேழ்வரகு மாவுகூட வாங்கினேன். அவள் சீண்டவில்லை. வறுவலும் சாசேஜும் வாங்கித் தின்றுவிட்டு வருவாள். இவர் பயத்தில் கத்துவார். "என் வயித்தப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?" அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பிள்ளைகள் இங்கே இப்படித்தான் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையாகிவிட்டாள், நம் சாப்பாடு நாறுகிறது என்று நினைக்கிறாள் என்று நானும் நினைத்தேன். அவளுக்கு இப்போது பதினைந்து.

போன வாரம் அந்தப் புது டாக்டர் கேட்டது இதுதான்: "உங்கள் ரத்த சம்பந்தத்தில் வேறு யாருக்காவது இது வந்ததா?" இவர் அக்காவைச் சொன்னார். அம்மாவைப் பற்றி அக்கா சொன்னதை நான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "குழந்தைகள் இருக்கிறார்களா?" என்றார்.

மல்லிகாவைப் பற்றி இப்போது பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வயது வந்தபிறகு மற்றவர்களைவிட முன்னதாகவே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அறிகுறிகளை இப்போதே சொல்லிவையுங்கள் என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "அதற்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறோம். காய், முழுத்தானியம் நல்லது, கறியையும் கொழுப்பையும் குறைத்துக்கொள்ளட்டும். ஆனால் எவ்வளவு பங்கு சாப்பாட்டுக்கு, எவ்வளவு குடும்பத்துக்கு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மல்லிகா வறுவல் பொட்டலத்தோடு வந்தாள். சமையலறையில் உட்காரச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அப்பாவுக்கு, அத்தைக்கு, ஒருவேளை பாட்டிக்கும். ரத்தம் பார்த்தால் மறைக்காதே, வெட்கப்படாதே, என்னிடம் சொல், நான் இல்லையென்றால் டாக்டரிடம் சொல். குடும்பத்தில் வருவது, நம் கையில் இல்லாததும் அதில் இருக்கிறது.

அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். என் இங்கிலீஷ் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, சரியாகத்தான் கேட்டேனா என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். வார்த்தை வார்த்தையாகத் தேடி, இந்த முறை தமிழில் சொன்னாள்.

"அப்போ... நீ குடுத்த சாப்பாடு இல்லையா?"

"என்ன கண்ணு?"

"அத்தை அன்னைக்குச் சொன்னாங்க. எல்லாரும் இருந்தாங்க. நீ திருப்பி ஒண்ணும் சொல்லல. உள்ள போயிட்ட. அதனால நிஜம்னு நெனச்சேன். உன் சாப்பாடு சாப்பிட்டா எனக்கும் வரும்னு பயம்."

ஐந்து வருடம். பத்து வயதிலிருந்து அந்தக் குழந்தை அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லாமல், என் அடுப்புக்குத் தப்பி, சாசேஜிலும் வறுவலிலும் போய்ப் புகுந்திருக்கிறது.

அண்ணி ஆஸ்பத்திரியில் கேட்டதை நான் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. சொன்னேன். டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அந்த நாளில் நான் போட்ட கறிக்கும் வெள்ளைச் சோற்றுக்கும் ஒரு பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அது எனக்குச் சாகிறவரைக்கும் தெரியப்போவதில்லை என்றேன். அவள் அழவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுப்பில் அவரைக்காய்க் குழம்பு இருந்தது. கேட்காமல் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள், கையால் பிசைந்தாள். பாதி சாப்பிட்டாள். போதும் என்று எழுந்து போனாள்.

மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.